மீசை போனது

மண்டபம் தென்கடற்கரையில்
காலை ஐந்தரைக்குத் தராசில் சிவப்பு எண்கள் எரியும்.
அமாவாசைக்கு மறுநாள், சரக்கு அதிகம்.
இருட்டில்தான் கல்லிடுக்கை விட்டு
வெளியே உலாத்தும் சிங்கி இறால்.
நிலா காய்ந்தால் உள்ளேயே கிடக்கும்
கடன்காரனுக்குப் பயந்தவன் மாதிரி.

என் வேலை மீசை பார்ப்பது.
சிரிக்காதீர்கள், சம்பளம் உண்டு.
நண்டுக்குக் கொடுக்கு, இதற்கு அதுவும் இல்லை.
உடம்பைவிட நீளமாய் இரண்டு மீசை,
அதை வைத்தே வழி, அதை வைத்தே சண்டை.
நுனிவரை இருந்தால் முதல் ரகம்,
உயிரோடு விமானம் ஏறும்.
ஒன்று ஒடிந்தால் இரண்டாம் ரகம்.
எங்கேயோ ஒரு ஓட்டலில்
தட்டைவிட்டு மீசை வெளியே நீளவேண்டுமாம்,
அதற்குத்தான் காசு.

கையில் எடுத்தால் கத்தும்.
வாயால் இல்லை.
மீசையின் அடியை நெற்றிமேட்டில் தேய்த்து
துருப்பிடித்த கீல் போல ஒரு கிரீச்.
நூறு கிலோ சேர்ந்து கத்தும்போது
பெரிய வீடொன்றின் எல்லாக் கதவுகளையும்
யாரோ ஒரே நேரத்தில் திறக்கிறார்கள்.
பிறகு குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி.
ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்ளும்.
ஈரத் தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி
டேப் ஒட்டுவோம்.

இன்று கபிரியேல் கொண்டுவந்ததில் ஒன்று,
முக்கால் கிலோ, மயில்கழுத்து நிறம்,
இரண்டு மீசையும் அடியோடு இல்லை.
"வலைக்கண்ணை அறுத்தா நானூறு ரூபா நட்டம்,
மீசையை ஒடிச்சா ஆயிரத்தைந்நூறு.
இந்தக் கணக்கு தெரியாதா அண்ணே?"
"இருட்டுல என்ன கணக்கு தாயி."
முதலாளி ரிபாயுதீன் தராசைப் பார்க்காமலே சொன்னார்:
"ஜெசிந்தா, நீ எடுத்துக்க.
சம்பளத்துல முந்நூறு புடிச்சிக்கிறேன்."

பதினோரு வருடம்.
எத்தனை டன் என் கை வழியாகப் போயிருக்கும்?
வாய் வழியாக ஒன்றும் போனதில்லை.

ஈரச் சாக்கில் சுற்றிக் கூடையில் வைத்தேன்.
மீசைதான் போனது, வேர் இருக்கிறதே.
பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும்
மடியிலிருந்து கிரீச்.
கண்டக்டர் திரும்பி,
"அந்தப் பின் கதவை நல்லா சாத்துங்கப்பா" என்றார்.
நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
இரண்டு பக்கமும் மாறி மாறி.

தங்கச்சிமடத்தில் அடுப்பு.
நேர்வாக்கில் வகிர்ந்து, குடல்நூலை உருவி,
மஞ்சள், சின்ன வெங்காயம், இடித்த மிளகு,
கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால்.
மூடியைத் திறந்தால் நீலமும் இல்லை பச்சையும் இல்லை,
சட்டி நிறைய செவ்வந்திப்பூ.
நான் எதுவும் செய்யவில்லை,
சூடு காட்டினேன், அவ்வளவுதான்.

எட்வின் முதல் வாய் எடுத்தார்.
"இது இருநூறு ரூபா இருக்குமா?"
இரண்டாம் வாய்க்கு நானூறு என்றார்.
மூன்றாவதற்குமேல் எண்ணவில்லை.

எனக்கு அது இனித்தது.
உப்புத்தண்ணீரிலேயே கிடந்தது
எப்படி இனிக்கிறது என்று யோசித்தபடி
கால் ஒவ்வொன்றையும் கடித்து உறிஞ்சினேன்.
விரல்நுனி நாறியது,
தினமும் நாறுவதுதான்.
இன்றைக்கு சோப்புப் போடத் தோன்றவில்லை.

பையன் தலை ஓட்டைக் கழுவி எடுத்துப் போனான்.
வாரியலிலிருந்து இரண்டு ஈர்க்கு உருவி,
நூல் சுற்றி, பிசின் வைத்து,
ஜன்னலில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்:
"இப்பப் பாரும்மா."

கண் தானாகவே நுனிக்குப் போயிற்று.
இடது பக்கம் ஒரு விரற்கடை குட்டை.

"இரண்டாம் ரகம்" என்றேன்.
அவன் அழவே இல்லை.
வலது பக்கத்தையும் கத்தரித்துக்கொண்டிருந்தான்.